முப்பத்துநாலு பல்

கள்ளக்குறிச்சி,
கார்த்திகை 11, வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலையும் என் சர்க்கரையையும் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டால் இங்கே எல்லோரும் சுகம். அந்த வெளிநாட்டுக் குளிரிலும் காற்றிலும் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது சொல்கிறாள், நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுகிறேன், ஆகையால் வேண்டுதல் இரண்டு பேருடையது என்று எடுத்துக்கொள். வாரத்துக்கு இரண்டு முறை வீடியோவில் முகம் பார்த்துக்கொள்கிறோமே, இந்த மனுஷன் எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தார் என்று யோசிப்பாய். போனில் நான் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். சாப்பிட்டாயா, அங்கே மழையா, இந்தா அம்மாகிட்ட பேசு, அவ்வளவுதான். எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு "நெட்டு தீர்ந்துடப் போவுதுங்க, சீக்கிரம் பேசுங்க" என்று அவசரப்படுத்தும்போது அதைச் சொல்ல முடியாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ சைக்கிளில் வெள்ளிமலைக்கு ஏறப் போய், பாதி மலையில் தண்ணி வளைவில் இருந்து திரும்பி வந்தாயே, அந்த விஷயம். அன்றைக்குப் பரணில் போட்ட சைக்கிளை நீ அப்புறம் தொடவே இல்லை. எடுத்த எடுப்பில் அதை எழுத வரவில்லை. முதலில் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன், அது எழுத எளிது.

ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. பெரியப்பா குத்தகைக்கு எடுத்த காட்டில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, ஆனால் பன்றி வருகிறது என்று அவர் தினமும் புலம்புகிறார். திருக்கோவிலூர் அத்தை வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அவளும் உன் அம்மாவும் சேர்ந்து டி.வி. ரிமோட்டை என் கண்ணில் காட்டவில்லை. நானும் சண்டைக்குப் போகவில்லை, ஏனென்றால் அந்தப் பத்து நாளும் நான் வீட்டில் இருந்ததே கம்மி. எங்கே போனேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

ஆவணியில் ஒரு நாள் போனில் நீ, "அந்த சைக்கிள காயலான் கடைக்குப் போட்டுடுப்பா, பரண்ல இடத்த அடைச்சிக்கினு கெடக்குது" என்று சொன்னாய். நீ சொன்ன விதம்தான் எனக்குச் சரியாக இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பழைய நியூஸ் பேப்பரைப் போடச் சொல்கிற மாதிரி சொன்னாய். காலேஜில் படிக்கும்போது மெட்ராஸில் சீனியர் ஒருத்தியிடம் வாங்கி, பஸ் டாப்பில் ஏற்றி, வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நீ கொண்டுவந்த சைக்கிள் அது. சரி, பெண் சொல்லிவிட்டாள் என்று இறக்கினேன். இறக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது, அது ஒரு சைக்கிளே இல்லை, ஏழெட்டு சைக்கிள். ஃபிரேம் பழைய ஜப்பான் சரக்கு, பிரேக் ஒரு கம்பெனி, பெடல் ஒரு கம்பெனி, முன்சக்கரம் கறுப்பு, பின்சக்கரம் வெள்ளி. உளுந்தூர்பேட்டைப் பட்டறைகளில் நாலு லாரியைப் பிரித்து ஒரு லாரி கட்டுவார்களே, அந்த வகை. காற்றடித்து, தள்ளிக்கொண்டு காயலான் கடைக்குக் கிளம்பினேன். தள்ளுவானேன், ஓட்டிக்கொண்டே போகலாமே என்று ஒரு காலைத் தூக்கிப் போட்டேன். அவ்வளவுதான் பாப்பா. காயலான் கடை வந்தது, கடையைத் தாண்டினேன், பைபாஸைத் தாண்டினேன், கச்சிராயபாளையம் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் போய்விட்டுத்தான் திரும்பினேன். பஸ் ஓட்டிய கைக்கு அந்த வளைந்த ஹேண்டில் பார் முதலில் பிடிபடவில்லை, அப்புறம் பிடித்துவிட்டது. வீட்டில் கடை பூட்டியிருந்தது என்று சொன்னேன். அடுத்த நாளும் பூட்டியிருந்தது. மூன்று வாரம் அந்தக் கடை பூட்டியே இருந்தது என்று உன் அம்மா நம்பிக்கொண்டிருந்தாள், அல்லது நம்புகிற மாதிரி இருந்தாள்.

நீ பயப்படக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இதெல்லாம். இதயத்துக்குப் படம் எடுத்துப் பார்த்து, தாராளமா ஓட்டுங்க, ஆனா பந்தயம் வேணாம் என்றார். நான் யாரோடு பந்தயம் ஓட்டப் போகிறேன். ஆனால் உடம்பு கொஞ்சம் பழகியதும் கொழுப்பும் ஏறிவிட்டது. வெள்ளிமலை ரோட்டில் இருபத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவன், ஒவ்வொரு வளைவும் என் வீட்டு வாசற்படி மாதிரி, சைக்கிளில் ஏற முடியாதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அணையைத் தாண்டிப் போனேன். அடிவாரத்து முனியப்பன் கோயிலில் வழக்கம்போலக் கும்பிட்டு, ஹாரன் இல்லாததால் மணியை மூன்று தடவை அடித்துவிட்டு ஏறினேன். முதல் வளைவே வரவில்லை பாப்பா. அதற்கு முந்தின ஏற்றத்திலேயே சைக்கிள் நின்றுவிட்டது, நானும் இறங்கிவிட்டேன். இறங்கினதுகூட அவமானம் இல்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்து மிதித்தால், சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் சைக்கிள் சாய்கிறது. மிதி கல்லாக இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன், முடியவில்லை. அந்த மூன்றாவது தடவையில் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. ஏன் என்று பின்னால் எழுதுகிறேன்.

தள்ளிக்கொண்டு இறங்கும்போது எனக்கு ஒரே யோசனை. என் பஸ்ஸை அடிவாரத்தில் ஃபர்ஸ்ட் கியர் போடாமல் ஏறச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு வளைவு ஏறுமா? வீட்டுக்கு வந்து சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பல்லில் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினேன். முன்னால் பல்சக்கரம் இரண்டு, ஒன்றுக்கு ஐம்பத்திரண்டு பல், இன்னொன்றுக்கு நாற்பத்திரண்டு. பின்னால் ஏழு சக்கரம், இருப்பதிலேயே பெரியதுக்கு இருபத்துமூன்றே பல். அப்படியென்றால் எவ்வளவு இறக்கி வைத்தாலும் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் கம்மியாகச் சுற்றியாக வேண்டும். சமதரையில் பறக்கலாம், மலையில் அது யாரால் முடியும்? பேருக்குத்தான் இரண்டும் ஏழும். உன் சைக்கிளில் ஃபர்ஸ்ட் கியரும் இல்லை, செகண்ட் கியரும் இல்லை பாப்பா, எல்லாம் மூன்றும் நாலும்தான். வயசு முழுக்கக் கியரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு இதை எண்ணிப் பார்க்க எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

சரி, ஃபர்ஸ்ட் கியர் வைத்துவிடுவோம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற முனியன் கடைக்குக் கொண்டுபோனேன். நீ ஸ்கூல் போகும்போது பஞ்சர் ஒட்டுவாரே, அதே முனியன். ஆயிரம் சைக்கிளுக்கு ஃப்ரீவீல், அதாவது பின்னால் இருக்கிற பல்சக்கரம், மாற்றிய கை என்று அவருக்குப் பெருமை. "இன்னா டிரைவரே, இது ஒரு வேலையா, டீ சொல்லுங்க, குடிக்கிறதுக்குள்ள கழட்டிடுறேன்" என்று ஃப்ரீவீல் மூடியில் இரும்புப் பஞ்ச் ஒன்றை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். சாதா சைக்கிளுக்கு அப்படித்தான் மூடியைத் திறந்து எண்ணெய் விடுவார்கள். இதுவும் திறந்துகொண்டது, திறந்த வேகத்தில் ஏழு சக்கரமும் மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது, உள்ளே இருந்த பால்ரஸ் குண்டுகள் எல்லாம் கடுகு மாதிரி கடை முழுக்கத் தெறித்தன. சாக்கடை வரைக்கும் ஓடின. முனியன், நான், டீ கொண்டுவந்தவர், காற்றடிக்க வந்த ஒரு வாத்தியார், நாலு பேரும் ரோட்டில் குந்திக்கொண்டு பொறுக்கினோம். பொறுக்கி முடித்து அவர் சொன்னது, "இது நம்ம ஜாதி ஃப்ரீவீல் இல்ல போலக்கீது." உள் பாகம் மட்டும் சக்கரத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், அந்த உள் பாகத்தை வைஸ் இடுக்கியில் கடித்துப் பிடித்து, லாரி ஸ்டியரிங்கைச் சுற்றுவது போலச் சக்கரத்தையே இரண்டு பேர் பிடித்துத் திருப்பினோம், அப்புறம்தான் கழன்றது. உன் பழைய ஃப்ரீவீல் இனி சேராது. குண்டுகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், திட்டாதே.

இப்போது சைக்கிள் ஓடவும் ஓடாது, விற்கவும் முடியாது. முனியன்தான், காயலான் கடையில் ஒடிந்த கியர் சைக்கிள் ஒன்று கிடக்குது, போய்ப் பாருங்கள் என்றார். மூன்று வாரமாகப் பூட்டியிருந்த அதே கடைக்குப் போனேன். தடித் தடி டயர் போட்ட சைக்கிள், முன்பக்கம் நசுங்கியிருந்தது, ஆனால் பின்னால் ஏழு சக்கரம். உட்கார்ந்து எண்ணினேன். சின்னது பதினாலு, அப்படியே வந்து வந்து ஆறாவது இருபத்துநாலு, கடைசிச் சக்கரம் மட்டும் தட்டு மாதிரி, முப்பத்துநாலு பல். எனக்கு ஃபர்ஸ்ட் கியர் கிடைத்துவிட்டது. முழு சைக்கிளையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்த உன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இருக்கறத போட்டுட்டு வரச் சொன்னா, இன்னொன்ன தூக்கிக்கினு வந்து நிக்கிறீங்களே, உங்களுக்கு இன்னா ஆச்சு" என்றாள். பக்கத்தில் இருந்த அத்தை, ரிட்டயர் ஆனவர்களுக்கு இப்படி ஆகும் என்று ஆறுதல் சொன்னாள்.

இந்த ஃப்ரீவீலையும் பஞ்ச் வைத்துத் தட்டிப் பிரித்துவிட்டால் அப்புறம் கதை முடிந்தது. உள்ளே பல் பல்லாக ஒரு துளை இருக்கிறது, அதற்கென்று ஒரு கருவி இருக்கிறதாம், நம் ஊரில் யாரிடமும் இல்லை. லேத் பட்டறைக்காரர் சளைக்கவில்லை. ஒரு இரும்புத் துண்டைக் கடைந்து, அரத்தால் ராவி ராவி, துளையில் வைத்துப் பார்ப்பதும் மறுபடி ராவுவதுமாக இரண்டு நாளில் அந்தக் கருவியையே செய்துவிட்டார். அதை வைஸில் நிறுத்தி, சக்கரத்தை மேலே கவிழ்த்து ஒரு திருப்பு, சத்தமே இல்லாமல் கழன்றது. உன் சக்கரத்தில் வைத்தால் மரை அச்சாகப் பொருந்தியது. அன்றைக்கு முனியன் கடையில் டீ என் தலையில்தான்.

மாட்டிவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் நான் ஒரு கூத்து பண்ணினேன். செயினை இந்தச் சக்கரத்தில் இருந்து அந்தச் சக்கரத்துக்கு நகர்த்த, பின்னால் இரண்டு சின்னச் சக்கரம் வைத்த ஒரு கை தொங்குமே, உன் சைக்கிளில் அது குட்டைக் கை. முப்பத்துநாலு பல்லுக்குக் கீழே அது புக இடமில்லை, முட்டி முட்டி நின்றது. அதனால் ஒடிந்த சைக்கிளின் நீளக் கையைக் கழற்றி மாட்டினோம். கம்பெனி வேறாக இருக்கிறதே, கேட்குமா என்று பயந்தேன். உன் கியர் லிவர்களில் டக் டக்கென்று நிற்கிற படி கிடையாது, ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போல நாமே இழுத்து நிறுத்துவதுதான், ஆகையால் யாருடைய கையானாலும் சொன்னபடி கேட்டது. ஆனால் செயின் பழைய செயின். அது இருபத்துமூன்று பல்லுக்கு அளந்த நீளம் என்று எனக்கும் தோன்றவில்லை, முனியனுக்கும் தோன்றவில்லை. நான் கடைத் தெருவில் ஓட்டிப் பார்க்கிறேன் பேர்வழி என்று முன்னால் பெரிய சக்கரம், பின்னால் பெரிய சக்கரம் இரண்டிலும் ஒரே நேரத்தில் போட்டேன். செயின் முறுக்கிய கயிறாக இறுகி, பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. மரவள்ளிக் கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், அந்த மூட்டை மேல் போய் மரியாதையாகச் சாய்ந்தேன். ஒரு அடியும் இல்லை, சட்டைதான் மண். அப்புறம் ஒடிந்த சைக்கிளின் செயினில் இருந்து கண்ணிகளை எடுத்துச் சேர்த்து, இரண்டு பெரிய சக்கரத்தையும் சுற்றிவந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி நீளமாக்கினார் முனியன். பிரேக் கட்டைகளை மட்டும் பழையது போடவில்லை, நாலும் புதுசு. ஏறுவதற்கு முன்னால் இறங்குவதை யோசிக்கிறவன்தான் மலை டிரைவர். இப்போது ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஒன்றே கால் சுற்றுதான். மேம்பாலத்தில் உட்கார்ந்தபடியே ஏறினேன், ஒரு கையை விட்டுவிட்டு எதிரே வந்த பால்காரருக்குச் சலாம் போட்டேன்.

நீ அங்கே ஆபீசுக்குச் சைக்கிளில்தான் போகிறாய் என்று அம்மா சொன்னாள். மேடு என்றால் அந்த ஊரில் பாலம்தானாமே. பனி விழும் நாளில் முன்பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதே, பின்பிரேக்கை முதலில் லேசாகத் தொடு. இந்த மாதிரி புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்று இனி எழுதப் போவதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி மலைக்குப் போனேன். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, உன் பழைய மழைச் சட்டை. அடையாளம் தெரியாது, அம்மாவே வாசலில் யாரு என்று கேட்டாள். கோயிலில் மூன்று மணி அடித்துவிட்டு முப்பத்துநாலில் போட்டேன். மெதுவாகத்தான், எறும்பு என்னைத் தாண்டிப் போகும், ஆனால் நிற்கவில்லை. முதல் வளைவு, பலா வளைவு என்று எங்கள் டிரைவர்கள் வைத்த பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஏறினேன். பஸ்ஸில் அந்த ரோட்டில் எஞ்சின் சத்தம்தான் கேட்கும், ஓடைச் சத்தம் கேட்டது இதுதான் முதல் தடவை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற அந்தக் காலத்தில் நிறுத்துவோமே, அந்தத் தண்ணி வளைவுக்குக் கீழே வந்தபோது தொடை இரண்டும் நடுங்க ஆரம்பித்துவிட்டது. அங்கேதான் ஏற்றம் ஜாஸ்தி. இத்தனை சின்னக் கியரில் எனக்கு இப்படி என்றால், இருபத்துமூன்று பல்லோடு நீ இவ்வளவு தூரம் எப்படி வந்தாய் என்று நினைத்தேன். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை பாப்பா. முதல் வளைவுகூட என்னால் முடியாத கியர் அது.

அப்போது மேலே இருந்து பஸ் வருகிற சத்தம். இந்த ஏற்றத்தில் ஒரு காலை ஊன்றினால் மறுபடி கிளம்ப முடியுமா என்று தெரியாது. வளைவில் பஸ் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு வரும், நான் ஒதுங்கித்தான் ஆக வேண்டும் என்று பார்த்தால், பஸ் வரவில்லை. வளைவுக்கு மேலேயே ஓரமாக நின்றுவிட்டது. எஞ்சின் உறுமிக்கொண்டு நிற்கிறது, ஹாரன்கூட இல்லை. நான் தள்ளாடித் தள்ளாடி வளைந்து ஏறினேன், ஜன்னலில் எல்லாத் தலையும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவர் பக்கம் கடக்கும்போதுதான் தமிழழகன் என்று தெரிந்தது, என்னிடம் வண்டி பழகியவன், இப்போது அந்த ரூட்டில் ஓட்டுகிறான். அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. "அண்ணே, நீங்களா! இன்னாண்ணே இது வேஷம்?" என்று கத்தினான். பஸ்ஸைத் தாண்டி, கொஞ்சம் சமமான இடத்தில் இறங்கி, தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அவன் வண்டியை நிறுத்தியபடியே இறங்கி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தான். மூச்சு வந்ததும் நான் கேட்டேன், நான் என்று தெரியாதே, ஒரு சைக்கிளுக்கு ஏன்டா நின்னே என்று. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னான், "எறங்குற வண்டிதான் நிக்கணும், ஏறுற வண்டிக்கு வழி வுடணும்னு நீங்கதானே அண்ணே சொல்லிக் குடுத்தீங்க. சைக்கிள் இன்னா, வண்டி இல்லியா?"

இசைவாணி, அன்றைக்கு இதே இடத்தில் நீ ஏறிக்கொண்டிருந்தாய், நான் இறங்கிக்கொண்டிருந்தேன். மத்தியான டிரிப், சந்தை நாள், பஸ் நிறைய ஜனம். நீ எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். நான் நிற்கவில்லை. நீண்ட ஹாரன் அடித்துக்கொண்டே வளைவுக்குள் வந்தேன், நீ சுவரோரம் ஒதுங்கிக் காலை ஊன்றினாய். அதோடு விட்டேனா, தலையை வெளியே நீட்டி, "இன்னாம்மா, பின்னால கயிறு கட்டி இழுத்துக்கினு போவட்டுமா?" என்று கேட்டேன். பஸ்ஸே சிரித்தது. பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன், நீ மூன்று தடவை கிளம்பப் பார்த்தாய், மூன்று தடவையும் சைக்கிள் சாய்ந்தது. வீட்டுக்கு வந்து நீ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், டெப்போவில் சொன்னேன், என் ரிட்டயர்மென்ட் விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் பொண்ணு மலை ஏறின கதை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். நீ அப்போது பந்தியில் கேசரி வைத்துக்கொண்டிருந்தாய். நீயும் சிரித்தாய். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், எவ்வளவு பெரிய முட்டாள்.

நீ அந்த வளைவில் தோற்றுப்போய் நிற்கவில்லை. நான்தான் உன்னை நிறுத்தினேன். நான் வழி விட்டிருந்தால் அந்தப் பொல்லாத கியரோடு நீ போய்க்கொண்டே இருந்திருப்பாய், எங்கே வரை என்று இனி யாருக்கும் தெரியாது. விபத்தில்லாமல் ஓட்டினேன் என்று எனக்கு மெடல் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் கட்டை வண்டிக்கு நின்றிருக்கிறேன், ஆட்டு மந்தைக்கு நின்றிருக்கிறேன். ஏறுகிற வண்டிக்கு நான் வழி விடாதது அந்த ஒரே ஒரு தடவைதான், அது நான் பெற்ற பெண்ணுக்கு. அப்பாவை மன்னித்துவிடு என்று போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் இங்கே எழுதிவிட்டேன். மன்னித்துவிடு பாப்பா.

அன்றைக்கு நான் அதற்கு மேல் ஏறவில்லை. உட்கார்ந்ததில் தெம்பு வந்திருந்தது, மிச்சம் பாதி மலைதான், தமிழழகன்கூட, "இவ்ளோ வந்துட்டீங்க, போய்ட்டு வாங்கண்ணே" என்றான். எனக்கு மனசு வரவில்லை. திரும்பி இறங்கி, நேராக டெப்போ டீக்கடைக்குப் போனேன். எந்த வாயால் அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேனோ, அதே ஆட்கள் முன்னால், ஹெல்மெட்டோடு நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னேன். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒருத்தர் மட்டும், "அந்தப் பொண்ணு அந்தக் கியர்ல தண்ணி வளைவு வரிக்கும் போச்சா!" என்று வாயைப் பிளந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள், "இதுக்கு எட்டு வருஷமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சோறு போட்டாள். மீன் குழம்பில் தலைத் துண்டு எனக்கு வந்தது, ஆகையால் பாதி மன்னிப்பு வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

பொங்கலுக்கு நீ வருகிறாய் என்று அம்மா இப்போதே பச்சரிசி பார்க்கக் கிளம்பிவிட்டாள். மெட்ராஸில் இறங்கியதும் திருச்சி போகிற எந்த பஸ்ஸிலாவது ஏறி உளுந்தூர்பேட்டையில் இறங்கிக்கொள், நான் வந்து நிற்கிறேன், அங்கே கண்ட இடத்தில் பரோட்டா சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, அம்மா சமைத்து வைத்திருப்பாள். காலுக்கு நல்ல ஷூ ஒன்று கொண்டுவா. சைக்கிள் காயலான் கடைக்குப் போகவில்லை, முற்றத்தில் துடைத்து நிற்கிறது. உன் சீட் உயரம் எது என்று கம்பியில் இருந்த பழைய கீறலைப் பார்த்துக் கண்டுபிடித்து, அங்கே சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன், நான் ஓட்டிவிட்டு வந்தால் மறுபடி அந்த இடத்துக்கே ஏற்றிவிடுகிறேன். நேரில் பார்த்த பிறகும் போட்டுவிடு என்று சொன்னால் போட்டுவிடுகிறேன், உன் பொருள், உன் இஷ்டம். உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி தயிர் வேண்டாம். நீ நினைத்ததெல்லாம் நல்லபடி நடக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உண்டு.

ஒரு வேளை ஏறிப் பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றினால், எனக்கு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் உன் கூடச் சைக்கிளில் வர மாட்டேன், பின்னால் பஸ்ஸிலும் வர மாட்டேன். விடிகாலை முதல் பஸ்ஸில் போய், தண்ணி வளைவுக்கு மேலே இறங்கி நின்றுகொள்கிறேன். பஸ், ஜீப், லாரி, இறங்கி வருகிற எதுவானாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுகிறேன். நீ நிற்காமல் வா.

இப்படிக்கு,
உன் அப்பா,
இருசப்பன்